நாலாவது ராடு

ஆராவமுதன் சாருடைய கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது அதன் மீட்டர் எண்பத்தேழாயிரம் மைல் காட்டியது. அந்த மீட்டர் நடுவில் இரண்டு வருஷம் செத்துக் கிடந்தது என்று டிரைவர் நாராயணசாமி என் காதோடு சொன்னான். ஆக, லட்சம் மைல் தாண்டிய எஞ்சின். அதற்கு சூப்பர்சார்ஜர் வைக்க வேண்டுமாம். பல் போன காலத்தில் பட்டாணி கேட்ட கதை என்று முணுமுணுத்தேன். சார் காதில் விழுந்துவிட்டது, சிரித்தார். பணக்காரர்களுக்கு மெக்கானிக்கின் வாய்த்துடுக்கு பிடிக்கும், வேலை முடிகிற வரைக்கும்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். நானும் அப்பாதுரையும் பெங்களூர் பிரேசர் டவுனில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தோம். சண்டைக் காலத்தில் இருவரும் விமான ஃபாக்டரியில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர்கள். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் சூப்பர்சார்ஜரைப் படத்தில் பார்த்திருப்பார்கள். நாங்கள் அதைக் கழற்றிப் பூட்டியே சோறு தின்றவர்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ரெமிஜியஸ் கை வைத்தால் எஞ்சின் பேசும் என்று நாலு பேர் சொல்ல, நானும் நம்பிவிட்டேன்.

சார் கன்டோன்மென்டில் சினிமாக் கொட்டகை வைத்திருந்தார். ஊருக்கு வடக்கே பழைய ராணுவ விமானத் திடலில் வருஷா வருஷம் கார்ப்பந்தயம் நடக்கும். போன வருஷம் ஒரு எஸ்டேட் துரையிடம் மூன்று விநாடியில் தோற்றுவிட்டார். அந்த மூன்று விநாடி அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை. சூப்பர்சார்ஜராக வைக்க ராணுவச் சாமான் ஏலத்தில் ஒரு ப்ளோயரை எடுத்து கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உயரத்தில் பறக்கும் விமானத்துக்குள் ஆட்கள் மூச்சுவிடக் காற்றடிக்கிற யந்திரம் அது. அதை எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்தால் எஞ்சின் தானாக இழுக்கிற காற்றுக்கு மேல் இன்னும் காற்றைத் திணிக்கும். ஒவ்வொரு வெடியும் முன்னைவிட பலமாக வெடிக்கும். கார் பறக்கும்.

"சார், எஞ்சின் உள்ள தேஞ்சி கெடக்கு. முழுசா பிரிச்சிதான் ஆவணும்," என்றேன்.

"பிரிச்சுக்கோய்யா. ஆயுத பூஜை முடிஞ்ச ஞாயித்துக்கெழமை ரேஸ். அதுக்குள்ள ஓடணும், அவ்வளவுதான்."

பந்தயத்தில் ஓட்டப்போகிறவன் நாராயணசாமி. பர்மா சண்டையில் ராணுவ லாரி ஓட்டியவன். மர்பி டவுன்காரன். அன்று கிளம்பும்போது என்னிடம் சொன்னான்: "நீங்க கை வெச்ச எஞ்சின்னா நான் கண்ண மூடிகினு ஓட்டுவேன் அண்ணா." எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாளே சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்தோம். முதல் மூன்றும் ஏறக்குறைய சமம். நாலாவதில் முள் பாதியிலேயே நின்றது. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம், ஏறியது. அப்படி ஏறினால் குற்றம் வால்வில் இல்லை, பிஸ்டன் ரிங்கில் என்று அர்த்தம். ப்ளோயர் புதிதாக எதையும் கெடுக்காது. ஏற்கெனவே கெட்டுப்போனது எங்கே என்று தேடிப் பிடிக்கும். பத்து வருஷம் பொறுத்துப்போன தேய்மானம் பத்தே நிமிஷத்தில் பொறுமையிழக்கும். அதனால் நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டோம். பிஸ்டனைச் சுழல்தண்டான கிராங்கோடு இணைக்கிற ராடுகளின் பேரிங்குக்குப் புதிதாக ஈயம் வார்த்து, சுரண்டிச் சுரண்டி ஒட்ட வைத்தோம். வெடி தாங்கும்படி எஞ்சின் தலைக்கடியில் செம்புத் தகடு வைத்தோம். மூன்று வாரம் இதே வேலை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஃபாக்டரியிலிருந்து நாங்கள் கொண்டுவந்தது. ஒருவன் நட்டை முறுக்கி, அது கழலாதபடி ஸ்ப்ளிட் பின் குத்தி, சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பான். இன்னொருவன் அந்த நட்டில் தானே ஸ்பானர் வைத்து அசைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வெள்ளைப் பொட்டு வைப்பான். வெள்ளை விழாத எஞ்சின் வெளியே போகாது. எங்கள் ஷெட்டில் சிவப்பு அப்பாதுரையுடையது, வெள்ளை என்னுடையது. அவன் வேலையை நான் சந்தேகப்படுகிறேன் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எஞ்சினைத் தலைகீழாக ஸ்டாண்டில் போட்டு அப்பாதுரை ராடு நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். நாலு ராடு, ராடுக்கு இரண்டு நட்டு. நான் ப்ளோயருக்கு பிராக்கெட் வெட்டக் கொல்லனிடம் போயிருந்தேன். மூன்று ராடு முடித்து ஆறு பொட்டு வைத்துவிட்டான். நாலாவதின் இரண்டு நட்டையும் கையால் திருகி விட்டிருந்தபோது அவன் மனைவி வள்ளியம்மா சாமான் கழுவ வந்துவிட்டாள். எங்கள் ஷெட்டில் பூஜையன்று ஒரு ஸ்பானரைக்கூடத் தொட மாட்டோம். முதல் நாள் சாயந்திரமே எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணி விரித்து அடுக்கிவிட வேண்டும். நான் கிறிஸ்தவன்தான். ஆனாலும் கொட்டகைக்குள் அந்தக் கட்டுப்பாட்டை மீறியதில்லை. பொரியும் கடலையும் எனக்கும் உண்டு. "அந்தக் கடைசி ஸ்பானரையும் குடுங்க," என்று அவள் கேட்க, மிச்சத்தை மறுநாளுக்கு மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று அப்பாதுரை கொடுத்துவிட்டான்.

பூஜையன்று காலையில் வள்ளியம்மா எல்லா சாமானுக்கும் பொட்டு வைத்தாள். வெறும் குங்குமம் இரும்பில் நிற்காது என்று நல்லெண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டிருந்தாள். எஞ்சினிடம் வந்தபோது ஆறு நட்டில் சிவப்புப் பொட்டு இருப்பதையும் இரண்டு வெறுமையாக இருப்பதையும் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டுக்கும் வைத்துவிட்டாள். இதெல்லாம் அவளே பிற்பாடு எனக்குச் சொன்னது. அன்று நான் கவனிக்கவில்லை. பொரி தின்றுகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே அப்பாதுரைக்கு கோலாரிலிருந்து தந்தி வந்தது. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவன் அண்ணன் போய்விட்டான். அப்பாதுரை வீட்டிலிருந்தே ரயிலேறிவிட்டான். நாலாவது ராடு அவன் நினைப்பில் இல்லாமலில்லை. ஸ்பானர் வைக்காமல் ரெமி வெள்ளை வைக்க மாட்டான், ஸ்பானர் வைத்தால் அவன் கையிலேயே நட்டு ஆடும் என்று நம்பிப் போயிருக்கிறான். அவன் நம்பியதில் தப்பில்லை. வழக்கம் என்று ஒன்றை வைத்திருந்ததே அதற்காகத்தான்.

மறுநாள் காலையில் நான் தனியாக எஞ்சினுக்கு முன்னால் நின்றேன். எட்டு நட்டு, எட்டு சிவப்பு. கடைசி இரண்டில் பொட்டு கொஞ்சம் தடிப்பாக அப்பியிருந்தது. பின் குத்துகிற பிளவையும் மூடியிருந்தது. பெயின்ட் தீரும்போது அடிக்கசடு அப்படித்தான் வரும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஸ்பானர் துணிமேல் இருந்தது, இரண்டடி தள்ளி. வாசலில் சாருடைய இன்னொரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. "என்னய்யா, இன்னும் எஞ்சின வண்டியில வைக்கலியா?" என்று கத்தினார். அப்பாதுரை முறுக்கிய நட்டு பத்து வருஷத்தில் ஒருமுறைகூட என் ஸ்பானருக்கு அசைந்ததில்லை. வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். எட்டுக்கும் வைத்தேன். எஞ்சினடியில் எண்ணெய் நிற்கிற சம்ப்பை மூடினேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஓசூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நாராயணசாமி ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், மடியில் நோட்டு, கண் மீட்டர்களில். மூன்று முறை மெதுவாகப் போய்வந்தோம். எஞ்சின் பட்டுப்போல் ஓடியது. ப்ளோயரின் ஊளையைக் கேட்டு எனக்கு ஃபாக்டரி ஞாபகம் வந்து பாட்டுக்கூட வந்தது. "இப்ப கொஞ்சம் மெறி," என்றேன். பொம்மனஹள்ளி தாண்டியதும் அவன் அழுத்தினான். மூன்றாவது கியரில் அறுபது மைல். அவன் கிளட்ச்சை மிதித்து டாப்புக்கு மாற்றிக் காலை எடுத்தபோது காலடியில் சம்மட்டி அடித்ததுபோல் ஒரு சத்தம். பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. கார் பக்கவாட்டில் திரும்பி, சாலையைவிட்டு, புளியமரங்களுக்கு நடுவே போய் நின்றது.

கீரைக்கூடை நடு ரோட்டில் கிடந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்துபோன பெண் மரத்தடியில் கிடந்தாள். சந்திரம்மா என்று பெயர். பொம்மனஹள்ளியில் கீரை போட்டு விற்கிற கிருஷ்ணப்பாவின் மனைவி. இரண்டு பிள்ளைகள். நாங்கள் இறங்கி ஓடியபோதே உயிர் இல்லை.

எனக்கு உதடு கிழிந்தது, அவ்வளவுதான். நாராயணசாமிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் மண்ணில் உட்கார்ந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "செகண்டுல போட்டுட்டேன் போலகீது அண்ணா. டாப்புன்னு நெனச்சி செகண்டுல போட்டுட்டேன்," என்றான். அந்த வேகத்தில் இரண்டாவது கியர் விழுந்தால் எந்த எஞ்சினும் உடையும், சக்கரமும் பூட்டும். சத்தியமாக அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவனைப் போலீஸ் கொண்டுபோனது. எஞ்சினின் விலாவில் ராடு குத்திக்கொண்டு வெளியே வந்த ஓட்டையை ஒரு அதிகாரி பார்த்து அதிவேகம் என்று எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்துக் காரை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். அன்றே தனியாகப் பிரித்தேன். போனது நாலாவது ராடு. அதன் ஒரு போல்ட் நீண்டு, மெலிந்து, அறுந்திருந்தது. இரண்டும் அப்படி அறுந்திருந்தால் அது டிரைவரின் கை. ஆனால் இன்னொரு போல்ட் முழுசாக இருந்தது. மரை புத்தம் புதிதாக இருந்தது. பின் குத்துகிற துளை காலி. பின் இருந்த கீறல்கூட இல்லை. அதன் நட்டு சம்ப்பின் அடியில் எண்ணெய்க்குள் கிடந்தது. மற்ற ஆறு நட்டிலும் சிவப்பும் வெள்ளையும் அப்படியே இருந்தன. இதில் எதுவுமே இல்லை. சுடு எண்ணெய் சிவப்பை அலம்பி, அதன்மேல் பட்ட வெள்ளையையும் கூடவே கொண்டுபோயிருந்தது. இரும்பில் ஒட்டிய பெயின்ட் அப்படிப் போகாதே?

துடைத்த கையோடு மர்பி டவுனில் அப்பாதுரை வீட்டுக்குப் போய் வள்ளியம்மாவிடம், "பூஜைக்கு எஞ்சினுக்கும் பொட்டு வெச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"வெச்சேனே. ஆறுக்கு வெச்சிட்டு ரெண்ட மூளியா வுட்டுருந்தாங்க. பாவமா இருந்திச்சி. உதிரக்கூடாதுன்னு நல்லா அப்பி வெச்சேன்," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ்ளோ வெச்சும் இப்டி ஆயிப்போச்சே அண்ணா."

அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் பொட்டு வைத்தாள். ஸ்பானர் வைக்க வேண்டியவன் நான். அடுத்த நாள் கோலாரிலிருந்து திரும்பிய அப்பாதுரை மொட்டைத் தலையோடு வந்து முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டான்: "ரெமி, நாலாவது ராடு நான் கையால சுத்தி வுட்டுருந்தேன். பாத்தியா?"

"பாத்தேன். முறுக்கி பின் குத்தினேன்," என்றேன். அவன் மூச்சு விட்டான். என் பொய் அவ்வளவு சுலபமாக இருந்தது.

அந்த போல்ட்டையும் நட்டையும் கைக்குட்டையில் முடிந்து டூல் பெட்டியின் அடியில் வைத்தேன். நாலு மாசம் கழித்து கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவர் எந்த கியரில் போட்டான் என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. எஞ்சினில் கோளாறு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்கள். எல்லாம் சரிபார்த்துத்தான் கொடுத்தோம் என்றேன். கூண்டில் நின்ற நாராயணசாமி என் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வேலையில் குறை இருக்காது என்று அவனே ஜட்ஜுக்குச் சொன்னான். தப்பு என்மேலதான் என்றான். ஒரு வருஷம் போட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அவன் மனைவி சின்னத்தாயி என்னை மறித்தாள். "அண்ணா, நீங்க பக்கத்துலதான குந்திகினு இருந்தீங்க. அவரு நெஜமாவே தப்பா போட்டாரா? இருவது வருசமா வண்டி ஓட்றவருண்ணா."

"நான் பாக்கலம்மா," என்றேன் மறுபடியும்.

ஏன் சொல்லவில்லை? பயம் என்றால் பாதி உண்மை. ஜெயிலுக்குப் போக வேண்டிவரும், என் ஜோசஃபினும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்கள் என்ற பயம். மீதிப் பாதி அந்தப் பாழாய்ப்போன திமிர். ரெமிஜியஸ் ஸ்பானர் வைக்காமல் வெள்ளை வைத்தான் என்று பெங்களூர் மெக்கானிக்குகள் டீக்கடையில் பேசுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார், யாருக்குத் தீங்கு செய்தாயோ அவரிடம் போய்ச் சொல் என்றார். அதற்குப் பிறகு வேறு கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கேயும் அதையே சொன்னார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

ஆராவமுதன் சார் காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு புது டிரைவர் வைத்துக்கொண்டார். சின்னத்தாயி, சார் கொடுத்திருந்த டிரைவர் வீட்டைக் காலி செய்து மர்பி டவுனில் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தாள். நாராயணசாமி வெளியே வந்து ஆறு மாசத்துக்குப் பிறகு ஒருநாள் வள்ளியம்மாதான் சொன்னாள், அவன் இப்போது கைவண்டி தள்ளுகிறானாம், அதுவும் ஒரு கையால். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் கைக்குட்டை முடிப்பை எடுத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

"வாங்கண்ணா!" என்று எழுந்தான். வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. என்ன ஆச்சு என்றேன்.

"வெளிய வந்ததும் மொத வேலையா பொம்மனஹள்ளிக்குப் போனேன். அந்த அம்மா வூட்டுக்கு. நான்தான் கொன்னேன், என்ன வேணா பண்ணுங்கன்னு கால்ல வுழுந்தேன். கிருஷ்ணப்பா தடி எடுத்து அடிச்சாரு. நான் தடுக்க கூட இல்ல. எலும்பு ஒடஞ்சி சரியா சேரல, அவ்ளோதான்." பெரிய விஷயமில்லை என்பதுபோல் சிரித்தான். "இப்ப கோவமெல்லாம் இல்ல அவருக்கு. வாராவாரம் போறேன். கீரைக்குத் தண்ணி கட்டுவேன். புள்ளைங்க என்கிட்ட நல்லா ஒட்டிகிச்சுங்க."

நான் முடிப்பை அவிழ்த்து அவன் முன்னால் வைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அப்பாதுரை முறுக்காமல் விட்டது, என் கை ஸ்பானருக்குப் போகாதது, வெள்ளைப் பொட்டு, கோர்ட்டில் சொன்னது. வள்ளியம்மாவின் குங்குமத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

நாராயணசாமி போல்ட்டை இடது கையில் எடுத்து மரையைத் தடவிப் பார்த்தான். டிரைவர் அல்லவா, அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் சின்னத்தாயி நின்றிருந்தாள்.

"கேஸ் நடந்தப்பவே தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"நான் டாப்புலதான் போட்டேனா?"

"டாப்புலதான் போட்டே."

அவன் போல்ட்டை மறுபடி கைக்குட்டைமேல் வைத்தான். என்னைத் திட்டுவான், எட்டி உதைப்பான் என்று காத்திருந்தேன். சின்னத்தாயிதான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கடைசியில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "வாங்க. அங்க வந்து சொல்லுங்க. நான்தான் உங்க அம்மாவ கொன்னேன்னு அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நான் மட்டும் போயி, கொன்னது நான் இல்லன்னா அதுங்க நம்பாது."

பொம்மனஹள்ளியில் பிள்ளைகள் அவனைப் பார்த்ததும் ஓடி வந்தன. கிருஷ்ணப்பா பாத்தியில் குந்தி களை பிடுங்கிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன், பாதி தமிழும் பாதி கன்னடமுமாக. சொல்லி முடித்தபோது பக்கத்தில் வரப்பில் கிடந்த தடிமேல் என் கண் போனது. அவன் அதை எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எடுத்து அடித்துவிட்டால் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மண் ஒட்டிய கையோடு எழுந்து நாராயணசாமியிடம் போனான். அவனுடைய கோணல் மணிக்கட்டைத் தன் இரண்டு கையிலும் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ இத நான் எதுக்கு ஒடைச்சேன்?" என்றான்.

 கிருஷ்ணப்பா மறுபடியும் அதையே கேட்டான், இந்த முறை என்னைப் பார்த்து.